பாட்டும் விதையும்
ஐயோவா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றின் ரேடியோ நிலையங்கள்

பயிர்த்தொழிலில் ஒரு புதிய விஷயம் எத்தகையது என்பதைப் போலவே, அது குடியானவனுக்கு எவ்வழியாக வந்து சேருகிறது என்பதும் முக்கியமானது. சந்தையில் கேட்டதும், களத்துமேட்டில் பேசிக்கொண்டதும், உறவினர் ஊரிலிருந்து கொண்டுவந்த விதையும் ஒரு காலத்தில் போதுமானவையாக இருந்தன. பின்னர் ஆகாய மார்க்கமாகவும் குரல் வரத் தொடங்கிற்று. அக்குரல் முதலில் பாட்டுப் பாடிக் காதைக் கவர்ந்தது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே தான் சொல்ல விரும்பியதைச் சொல்லிற்று. இம்முறையினால் குடியானவர்கள் அடைந்த நன்மையையும் தீமையையும் ஒருங்கே ஆராய்வதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஐயோவா மாகாணத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஷெனன்டோவா என்னும் சிற்றூரின் ரேடியோ சரித்திரம் மிகவும் ஏற்றதாகும்.

விதை வியாபாரிகள் ஏற்படுத்திய நிலையங்கள்

ஷெனன்டோவாவின் ஜனத்தொகை 1920களில் சுமார் 5,000தான். சுற்றிலும் மக்காச்சோள வயல்களும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த பிரதேசம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இவ்வூர் நாற்றுப் பண்ணைகளுக்கும் விதை வியாபாரத்துக்கும் பெயர் பெற்றது. இங்கிருந்து பழக்கன்றுகளும், காய்கறி விதைகளும், பூச்செடிகளும் தபால் மூலம் பல மாகாணங்களுக்கும் சென்றன. இவ்வியாபாரத்தில் முதன்மையானவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி பீல்டு. மற்றவர் அவரைவிட வயதில் இளையவரான எர்ல் மே. இருவரும் ஒரே ஊரில், ஒரே சரக்கை, ஒரே ஜனங்களுக்கு விற்ற போட்டிக்காரர்கள்.

1924ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஹென்றி பீல்டு தம் விதைக் கம்பெனியின் பெயரால் கே.எப்.என்.எப். என்னும் ரேடியோ நிலையத்தைத் தொடங்கினார். எர்ல் மே முதலில் ஏறக்குறைய 60 மைல் தொலைவிலுள்ள ஓமாஹா நகரத்து நிலையம் ஒன்றின் வழியாகப் பேசிவந்தார். பிறகு 1925ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தம்முடைய சொந்த நிலையமாகிய கே.எம்.ஏ.வை ஏற்படுத்தினார். ஐயாயிரம் பேர் வசிக்கும் ஓர் ஊரில் இரண்டு ரேடியோ நிலையங்கள் ஏற்பட்டது அக்காலத்தில் வியப்பாகவே கருதப்பட்டது. அவற்றின் சக்தி தொடக்கத்தில் மிகச் சிறிதே. எனினும், ஆகாயத்தில் நிலையங்களின் நெருக்கம் குறைந்திருந்த அந்நாட்களில், இரவு நேரத்தில் அலைகள் மேல்வானத்தில் பட்டுத் திரும்பி வெகு தூரம் சென்றன. ஆகையால் பக்கத்து மாகாணங்களிலுள்ள தனிப்பட்ட பண்ணை வீடுகளிலும் இவ்விரு குரல்களும் கேட்டன.

அப்பண்ணை வீடுகளின் நிலைமையையும் நினைவில் வைத்தல் வேண்டும். 1930இல் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரக் கம்பி போயிருந்தது. மற்றவர்கள் ரேடியோப் பெட்டியை பாட்டரி வைத்து ஓட்டினார்கள். பாட்டரி தீர்ந்தால் அதைச் சுமந்து சென்று ஊரில் சார்ஜ் செய்துகொண்டு வரவேண்டும். சிலர் வீட்டுக் கூரைமேல் சிறு காற்றாடி இயந்திரம் பொருத்தி அதனால் சார்ஜ் செய்துகொண்டார்கள். இவ்வளவு சிரமப்பட்டுப் பெட்டியைத் திறக்கும் குடியானவன் வீணாகத் திறக்கமாட்டான். பன்றி விலை, தானிய விலை, நாளைய வானிலை, சரியான மணி இவற்றில் ஏதேனும் ஒன்றாவது அவனுக்குக் கிடைத்தாக வேண்டும். கிடைத்ததனாலேயே அவன் மறுநாளும் திறந்தான்.

பாட்டு எதற்காக?

விலையும் வானிலையும் சில நிமிஷங்களில் சொல்லி முடிந்துவிடும். மிச்சப் பொழுதை நிரப்பியது பாட்டு. ஹென்றி பீல்டு நகரத்து ஜாஸ் சங்கீதத்தை விரும்பாதவர். களத்துக் கொட்டகைகளில் கூத்தாடும்போது வாசிக்கும் பிடில், பாஞ்சோ, மாதாகோவில் கீதங்கள், பாட்டனார் காலத்துக் கதைப்பாட்டுகள் இவையே அவருடைய நிலையத்தில் ஒலித்தன. பகலில் விதைப் பொட்டலம் கட்டிய சிப்பந்திகளே மாலையில் ஒலிவாங்கியின் முன் நின்று பாடினார்கள். பிற்காலத்தில் 'கண்ட்ரி மியூசிக்' என்று உலகெங்கும் பெயர் பெற்ற நாட்டுப்புறச் சங்கீதம் இத்தகைய நிலையங்களிலேதான் வளர்ந்தது. சிக்காகோவிலும் நாஷ்வில்லிலும் பெரிய நிலையங்கள் 1924, 1925 ஆண்டுகளில் இதே வகையான நிகழ்ச்சிகளைத் தொடங்கிப் புகழ் பெற்றன. ஷெனன்டோவாவோ அதைச் சிற்றூரின் அளவிலே செய்தது.

எர்ல் மே 1927இல் தம் விதைக்கடையை ஒட்டி 'மேபேர்' என்னும் பெரிய சங்கீத மண்டபம் ஒன்றைக் கட்டினார். மேடைக்கும் ஜனங்களுக்கும் நடுவே கனத்த கண்ணாடித் தடுப்பு இருந்தது. குடியானவர்கள் குடும்பத்துடன் வந்து அமர்ந்து, தாங்கள் வீட்டில் கேட்கும் பாடகர்களை நேரில் கண்டார்கள். இலையுதிர் காலத்தில் இரு கம்பெனியாரும் நடத்திய திருவிழாக்களுக்குப் பல்லாயிரம் பேர் மோட்டாரிலும் ரயிலிலும் வந்து கூடினார்கள். வந்தவர்களுக்கு 'பான்கேக்' என்னும் மாவடை இலவசமாய்ப் பரிமாறப்பட்டது. 1926இல் 'ரேடியோ டைஜஸ்ட்' பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் எர்ல் மேயே ஜனங்களுக்கு மிகவும் பிரியமான ரேடியோ அறிவிப்பாளர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டுப் பொற்கிண்ணம் பெற்றார். பெரிய நகரங்களின் தேர்ந்த அறிவிப்பாளர்களுக்குக் கிடைக்காத இப்பெருமை ஒரு விதை வியாபாரிக்குக் கிடைத்தது.

இங்கே பாடி வளர்ந்தவர்களில் சிலர் பின்னர் பெரும் புகழ் அடைந்தார்கள். 1940களில் ஐக் எவர்லி என்னும் கிதார் வித்துவான் மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் கே.எம்.ஏ. நிலையத்தில் பாடிவந்தார். பள்ளிக்கூடம் செல்லுமுன் அதிகாலையில் எழுந்து பாடிய அப்பிள்ளைகளே பிற்காலத்து எவர்லி சகோதரர்கள். ஷெனன்டோவாவில் 1937இல் பிறந்த சார்லி ஹேடன் இரண்டு வயது நிரம்புமுன்பே தம் குடும்பத்தாரின் ரேடியோ நிகழ்ச்சியில் பாடினார்; பின்னாளில் ஜாஸ் சங்கீதத்தில் தலைசிறந்த பாஸ் வாத்தியக்காரர் ஆனார்.

வீட்டுப் பெண்மணிகளுக்கும் இடம் இருந்தது. ஹென்றி பீல்டின் சகோதரி லியன்னா டிரிப்ட்மையர் 1926இல் தொடங்கிய சமையற்கட்டு நிகழ்ச்சி ஏறக்குறைய 60 ஆண்டுகள் நடந்தது. பழங்களைப் பக்குவம் செய்தல், குழந்தை வளர்ப்பு, சிக்கனம் ஆகியவற்றை அடுத்த வீட்டுப் பெண்ணுடன் பேசுவதுபோல் அவர் பேசினார். 1930இல் மோட்டார் விபத்தில் நடக்கும் சக்தியை இழந்த பின்னரும் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

இவையெல்லாம் தர்மத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. விதையுடன் கொடிமுந்திரி வற்றலும், காப்பிக்கொட்டையும், வர்ணமும், மோட்டார் டயரும் இவ்வழியே விற்கப்பட்டன. ரேடியோவில் விலை கூறி விற்பது நியாயமன்று என்று சிற்றூர் வியாபாரிகள் பலர் முறையிட்டார்கள். அம்முறையீட்டிலும் நியாயம் இருந்தது. ஆயினும் விதை என்னும் சரக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வசந்தத்தில் விற்ற விதை சில வாரங்களில் முளைத்தாக வேண்டும். இலையுதிர் காலத்தில் விளைந்தாக வேண்டும். விளையாத விதையை வாங்கியவனும் அத்திருவிழாவுக்கு வருவான். விற்றவரின் வீட்டு வாசலும் அவனுக்குத் தெரியும். வாயால் சொன்னதற்கு மண் சாட்சி சொல்லும் என்ற இந்தக் கட்டுப்பாடே அந்நிலையங்களை நேர்மையில் நிறுத்தியது.

அதே மாகாணத்தில் மற்றொரு குரல்

இக்கட்டுப்பாடு இல்லாத இடத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் அதே ஐயோவாவில் காணலாம். மாகாணத்தின் கிழக்கெல்லையில் மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள மஸ்கட்டீன் நகரில் நார்மன் பேக்கர் என்பவர் 1925இல் கே.டி.என்.டி. என்னும் நிலையத்தைத் தொடங்கினார். அவரும் கம்பெனி முதலாளி. அவரும் ஜனங்களின் பேச்சிலே பேசினார். அவருடைய நிலையத்திலும் வாத்திய முழக்கம் இருந்தது. ஆனால் பின்னர் அவர் விற்றது விதையன்று, புற்றுநோயைக் கத்தியின்றிக் குணப்படுத்துவதாகச் சொன்ன மருந்து. அம்மருந்தால் ஏமாந்தவன் மறு வருஷத் திருவிழாவுக்கு வந்து கேள்வி கேட்க உயிரோடிருப்பது அரிது. பேக்கர் 1940இல் தபால் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றுச் சிறை சென்றார்.

குடியானவர்களுக்கு நேரே கேடு விளைத்தது வேறொன்று. கறவை மாடுகளுக்கு வரும் க்ஷயரோகம் பாலின் வழியாக மனிதரையும், முக்கியமாகக் குழந்தைகளையும் பற்றக்கூடியது. இதனை ஒழிக்க 1917முதல் அமெரிக்காவில் மாடுகளுக்கு ஊசிப் பரீக்ஷை செய்து, நோய் கண்டவற்றைக் கொல்லும் திட்டம் நடந்துவந்தது. தானிய விலை வீழ்ந்து குடியானவர்கள் நொந்திருந்த 1931ஆம் ஆண்டில், ஐயோவாவின் சீடர் ஜில்லாவில் கட்டாயப் பரீக்ஷைக்கு எதிர்ப்புக் கிளம்பிற்று. பரீக்ஷை பிழையானது, அதனால் சினை கலைகிறது, கொன்ற மாட்டுக்கு அரசாங்கம் தரும் தொகை அதன் விலைக்குப் போதாது என்பவை அவர்களுடைய குறைகள். கடைசிக் குறை கேட்கத்தக்கதே. ஆனால் பேக்கரின் ரேடியோ அக்குறையை எடுத்துக்கொண்டு, பரீக்ஷையே மோசடி என்று ஓயாமல் முழங்கிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவருடைய நிலையத்தின் அனுமதியைப் புதுப்பிக்க மத்திய ரேடியோ கமிஷன் மறுத்துவிட்டது. எனினும் விதைத்த சந்தேகம் அதற்குள் வேரூன்றிவிட்டது. செப்டம்பரில் கால்நடை வைத்தியர்களைக் குடியானவர்கள் விரட்டியடித்தார்கள். கவர்னர் படையை அனுப்பி, துப்பாக்கிக் காவலின் கீழ் மாடுகளுக்குப் பரீக்ஷை நடத்த வேண்டியதாயிற்று. இக்கலகத்தை 'மாட்டு யுத்தம்' என்று சரித்திரம் குறிப்பிடுகிறது. 1940க்குள் நாடு முழுவதிலும் எல்லா ஜில்லாக்களிலும் மாட்டு க்ஷயரோகம் மிகக் குறைந்த அளவுக்கு ஒடுக்கப்பட்டது. ரேடியோவில் மோசடி என்று சொல்லப்பட்ட அதே பரீக்ஷையினால்தான் இது கைகூடிற்று.

ஜனங்களுக்குப் பிரியமான குரலெல்லாம் உண்மையான குரல் ஆகாது. கான்ஸாஸ் மாகாணத்தில், ஆட்டின் சுரப்பியை மனிதருக்குப் பொருத்தி இளமை தருவதாகச் சொன்ன பிரிங்க்லி என்பவரின் நிலையத்திலும் பிடில் வித்துவான்கள் வாசித்தார்கள். எர்ல் மேக்குப் பொற்கிண்ணம் அளித்த அதே பத்திரிகையின் வாக்கெடுப்பில், சில ஆண்டுகளுக்குள், அந்த நிலையமும் மிகப் பிரியமான நிலையம் என்று வெற்றி பெற்றது. 1930இல் ரேடியோ கமிஷன் அதன் அனுமதியை மறுத்தது. 1931இல் நீதிமன்றமும் அம்முடிவை உறுதி செய்தது. கிண்ணம் பாட்டுக்குக் கிடைத்தது; பாட்டின் நடுவே சொல்லப்பட்டதற்கு அது நற்சாட்சிப் பத்திரம் ஆகவில்லை.

அயலான் வயல்

குரலைக் கேட்டு மட்டும் குடியானவன் புதியதை ஏற்றுக்கொண்டானா என்றால், அதற்கும் ஐயோவாவிலேயே விடை உண்டு. 1930களில் ஒட்டு மக்காச்சோள விதை அங்கே பரவிற்று. இவ்விதையை அறுவடையிலிருந்து எடுத்து மறு வருஷம் விதைத்தால் விளைச்சல் குன்றும். ஆதலால் வருஷந்தோறும் விலைக்கு வாங்க வேண்டும். சொந்த விதையைப் பொறுக்கி வைத்த குடியானவனுக்கு இது பெரிய மாறுதல். எனினும் 1935இல் மாகாணத்து மக்காச்சோள நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த ஒட்டு விதை, 1940க்குள் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்துக்கொண்டது.

இது எவ்வாறு நிகழ்ந்தது என்று பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் ஐயோவாவின் இரு கிராமச் சமூகங்களில் 259 குடியானவர்களை விசாரித்து 1943இல் வெளியிட்டார்கள். இருவர் நீங்கலாக மற்ற யாவரும் ஒட்டு விதையை ஏற்றிருந்தார்கள். பெரும்பாலோர் அதைப் பற்றி முதன்முதலில் விதை விற்பவர் வாயிலாகக் கேட்டார்கள். ரேடியோ வழியாகக் கேட்டவர்களும் உண்டு. ஆனால் எதைக் கண்டு துணிந்தீர்கள் என்று கேட்டபோது, மிகுதியானவர்கள் அயலாரையே குறிப்பிட்டார்கள். அப்படித் துணிந்த பிறகும் முழு நிலத்திலும் ஒரேயடியாக விதைக்கவில்லை. முதல் வருஷம் சிறு பகுதியில் போட்டுப் பார்த்து, ஆண்டுக்கு ஆண்டு பெருக்கினார்கள். செய்தி காதுக்கு வந்து சேரலாம். நம்பிக்கை வேலிக்கு அப்பாலுள்ள வயலிலிருந்தே வருகிறது. தமிழ்நாட்டிலும் 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல், திருச்சி வானொலியின் பிரசாரத்தினால் தஞ்சை ஜில்லாவில் பரவி, 'ரேடியோ நெல்' என்றே வழங்கப்பட்டது முதிய மிராசுதாரர்களுக்கு நினைவிருக்கும். அங்கும் வானொலி பேசியதோடு வயலும் விளைந்து காட்டியதனாலேயே அப்பெயர் நிலைத்தது.

குரல் ஊரை விட்டு அகன்றால்

1949இல் கே.எம்.ஏ.வின் உரிமையாளர்களே ஓமாஹாவில் டெலிவிஷன் நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். இசைத்தட்டு மலிந்தபின் நேரில் பாடுவோருக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் நாடெங்கும் அருகிற்று. 1950களின் தொடக்கத்தில் எவர்லி குடும்பம் ஷெனன்டோவாவை விட்டுப் புறப்பட்டது. பாட்டு போயிற்று, எனினும் கே.எம்.ஏ. போகவில்லை. சந்தை விலை, வானிலை, ஊர்ச் செய்தி, பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு ஆகியவற்றைத் தன் சுற்றுவட்டத்துக்குச் சொல்லிக்கொண்டே அது 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் நூறாண்டை எட்டிற்று.

வேறு பல சிற்றூர்களின் கதி வேறுவிதமாயிற்று. ஒரே கம்பெனி நாடெங்கும் எத்தனை நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற வரம்பை 1996ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதன்பின் சிற்றூர் நிலையங்கள் பல, தொலைதூரத்து முதலாளிகளின் கைக்கு மாறின. பாடகனும் அறிவிப்பாளனும் வேறு நகரத்தில் இருக்க, ஊரில் இயந்திரம் மட்டும் ஓடியது. வட டக்கோட்டா மாகாணத்து மைனாட் நகரில் இதன் விளைவு வெளியாயிற்று. 2002ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், உரத்துக்குப் பயன்படும் அமோனியாவை ஏற்றிவந்த ரயில் அங்கே தடம் புரண்டு, நச்சு வாயு நகரின்மேல் படர்ந்தது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் துன்புற்றார்கள். அந்நகரத்து வியாபார ரேடியோ நிலையங்கள் ஆறும் ஒரே கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தன. ஜனங்களை எச்சரிக்கப் போலீசார் நிலையத்தை அழைத்தும் பதில் கிடைக்கவில்லை. அவசர அறிவிப்புக் கருவியைப் போலீசாரே சரிவர அமைத்துக்கொள்ளவில்லை என்று கம்பெனியார் பின்னர் கூறினார்கள். குற்றம் யாருடையதாயினும், ஆபத்து வந்த இரவில் ஊருக்காகப் பேச ஊரில் குரல் இல்லை என்பது மட்டும் மறுக்க முடியாதது.

குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

இச்சரித்திரத்திலிருந்து பெறத்தக்க முடிவு கடினமானதன்று. பாட்டை வெறுக்க வேண்டுவதில்லை. உழைத்து ஓய்ந்தவனுக்குப் பாட்டு வேண்டும்; பாட்டில்லாத உபதேசத்தை எவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பாட்டின் இனிமையைக் கொண்டு அதன் இடையே வரும் சொல்லை மதிப்பிடலாகாது. சொல்லுகிறவர் எங்கே இருக்கிறார், சொன்னது பொய்யானால் அவரை யார், எங்கே சென்று கேட்பது, சொன்ன பொருளைச் சொந்த நிலத்தில் சிறு அளவில் பரீக்ஷை செய்து பார்க்க இடமுண்டா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பிறகு துணிதல் வேண்டும். ரேடியோவானாலும், டெலிவிஷனானாலும், கையடக்கத் தொலைபேசியில் வந்து பேசும் குரலானாலும் இக்கேள்விகள் மாறா. புதிய விதையானாலும் மருந்தானாலும், முதல் போகத்தில் கால் ஏக்கருக்கு மேல் இடாமல், பக்கத்திலேயே பழைய முறையிலும் கால் ஏக்கர் வைத்து, இரண்டின் மகசூலையும் தனித்தனியே அளந்து குறித்து வைப்பது உத்தமம்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சீடர் ஜில்லாவில் அரசாங்கத்தின் பரீக்ஷை சரியானது. அதனைச் சொன்ன விதமும், ஈடு கொடுத்த அளவும் ஜனங்களின் நம்பிக்கையைப் பெறவில்லை. நம்பத்தக்க குரல் முன்னதாகப் போய்ச் சேராத இடத்தில், நம்பத்தகாத குரல் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் சிப்பாய் போக வேண்டியதாயிற்று. ஆகையால் ஓர் உத்தரவு கிராமத்துக்கு வருமுன்னர், அதன் காரணத்தை விளக்கவும், குடியானவரின் குறையைக் கேட்டு மேலே எழுதவும், ஊரறிந்த ஒருவர் ஊரிலேயே இருத்தல் அவசியம். ஷெனன்டோவாவின் வியாபாரிகள் லாபத்துக்காகச் செய்த இக்காரியத்தை, அதிகாரிகள் கடமையாகக் கொண்டு செய்வார்களானால், குடியானவன் தன் பெட்டியைத் திறக்கும்போது பாட்டோடு பயனும் பெறுவான்.